விடத் தெரிந்த காந்தம்

மாதிரி ரயில் ஓட்டுகிற வீடுகளில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். சரக்கு வண்டி யார்டுக்குள் ஊர்ந்து வந்து நிற்கும். கடைசி மூன்று வாகன்களை இரண்டாம் லைனில் விட்டுவிட்டு இன்ஜின் திரும்ப வேண்டும். அதற்காக மேலிருந்து ஒரு கை இறங்கும். வாகனின் முனையைத் தூக்கி, கப்ளிங்கை விலக்கி, மறுபடி தண்டவாளத்தில் உட்காரவைக்கும். பெரும்பாலான மாதிரிகள் எச்ஓ அளவில் செய்யப்படுபவை, அதாவது அசலில் 87இல் ஒரு பங்கு. 18 சென்டிமீட்டர் நீளமுள்ள கை அந்த உலகத்தில் பதினைந்தரை மீட்டர். நம் சரக்கு ரயில்களில் அதிகம் கண்ணில் படுகிற பாக்ஸ்என் வாகன் பத்தே முக்கால் மீட்டருக்குள் அடங்கிவிடும். வாகனைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளமான கை வானத்திலிருந்து வந்து போனபின், பிளாட்பாரத்தில் நிற்கும் விரல்நுனி உயர மனிதர்களைப் பழையபடி நம்ப முடிவதில்லை.

இந்தக் கையை இல்லாமல் செய்வதற்கான கருவிதான் அன்கப்ளர். தண்டவாளத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் சிறிய மின்காந்தம் அது. பொத்தானை அமுக்கினால் காந்தமாகும். மேலே நிற்கிற இரண்டு பெட்டிகளின் கப்ளிங்கும் திறந்துகொள்ளும். பொத்தானை விட்டால் அது வெறும் இரும்பு. கேட்பதற்கு எளிய வேலை. அம்பத்தூரில் உட்கார்ந்து இதை ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்கிய பிறகுதான், ரயிலைப் பற்றி இத்தனை காலம் யோசிக்காத ஒரு பக்கத்தை யோசிக்க ஆரம்பித்தேன். ரயில் என்றதும் நமக்கு இணைப்பதுதான் நினைவுக்கு வருகிறது: ஊரோடு ஊரை, பெட்டியோடு பெட்டியை. பிரிப்பது அதைவிடக் கடினமான வேலை. அதற்கு இடம் சரியாக இருக்க வேண்டும், நேரம் சரியாக இருக்க வேண்டும், பிரித்தபின் தானாகச் சேர்ந்துகொள்ளாமலும் இருக்க வேண்டும்.

மாதிரி ரயிலில் இதற்கு வழி கண்டவர்கள் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த கீத், டேல் எட்வர்ட்ஸ் என்ற இரட்டைச் சகோதரர்கள். இருவர் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்து ‘கேடீ’ என்ற நிறுவனம் ஆயிற்று. அவர்களுடைய கப்ளிங் பார்வைக்கு அசல் சரக்கு வாகனில் இருக்கும் சென்டர் பஃபர் கப்ளர் மாதிரியே விரல் மடக்கிய கைபோல இருக்கும். அதன் அடியில் வளைந்த எஃகுக் கம்பி ஒன்று தொங்கும். பார்ப்பவருக்கு அது பிரேக் ஹோஸ் பைப். காந்தத்தின் மேல் வந்ததும் ஒரு வாகனின் கம்பி இடப்பக்கத் தண்டவாளத்தை நோக்கியும், எதிர் வாகனின் கம்பி வலப்பக்கத் தண்டவாளத்தை நோக்கியும் இழுபடும். மடங்கிய விரல்கள் இரண்டும் திறக்கும்.

இதில் மிக அழகான பகுதி அதற்கு அடுத்தது. வண்டி இழுவையில் இருக்கும்போது எவ்வளவு வலுவான காந்தம் வைத்தாலும் கப்ளிங் திறக்காது. இழுவிசையே விரல்களைப் பூட்டி வைத்திருக்கும். இன்ஜினை நிறுத்தி, ஒரு இம்மி பின்னால் தள்ளி, இரண்டு வாகன்களுக்கும் நடுவில் தொய்வு கொடுத்தால்தான் காந்தத்தின் பேச்சு எடுபடும். அசல் ரயிலிலும் இதே கதைதான். பாயிண்ட்ஸ்மேன் கப்ளிங்கைக் கழற்றுவதற்கு முன், இன்ஜினைச் சற்றே பின்னுக்குத் தள்ளி பஃபர்களை நெருக்கச் சொல்லுவார். விறைத்து நிற்கிற திருகையோ பூட்டையோ மனிதக் கையால் அசைக்க முடியாது. பிரிய வேண்டிய இரண்டும் முதலில் நெருங்கி வர வேண்டும். இந்த விதி நூற்றியிருபது டன் இன்ஜினுக்கும் பொருந்துகிறது, உள்ளங்கையில் அடங்குகிற வாகனுக்கும் பொருந்துகிறது.

திறந்த பிறகு இன்னொன்றும் உண்டு. காந்தத்தின் மேலேயே இன்ஜினை மறுபடி பின்னால் தள்ளினால், திறந்த விரல்கள் ஒன்றையொன்று கவ்வாமல் பக்கவாட்டில் விலகிய நிலையிலேயே முட்டிக்கொள்ளும். அப்படியே தள்ளிக்கொண்டு போய், லைனில் எங்கே வேண்டுமோ அங்கே வாகனை விட்டுவிட்டு வரலாம். ஒரே காந்தத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு லைனின் எந்தப் புள்ளியிலும் வாகனை நிறுத்தலாம் என்பது இதனால்தான். இதை முதன்முதலில் யோசித்தவர்களின் மூளையை நினைத்தால் இன்றும் மரியாதை பொங்குகிறது.

காந்தம் என்றால் நிரந்தரக் காந்தம் போதுமே, மின்காந்தம் எதற்கு என்று கேட்கலாம். யார்டின் கடைசியில், வண்டி நிற்பதற்கு மட்டுமே வருகிற லைனில் நிரந்தரக் காந்தம் போதும். ஆனால் மெயின் லைனில் அது ஆபத்து. கடந்து போகிற வண்டி அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கினாலும், தொய்வு விழுந்து பாதி ரயில் அங்கேயே நின்றுவிடும். பாதியை விட்டுவிட்டு இன்ஜின் மறுமுனைக்குப் போய்ச் சேரும். எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கிற காந்தத்துக்கு எப்போது இழுக்க வேண்டும் என்று தெரியாது. அதனால்தான் மின்காந்தம் வேண்டியிருக்கிறது. இழுப்பது அதன் பாதி வேலைதான். விடுவது மறு பாதி.

வெளிநாட்டிலிருந்து வாங்கலாம். கேடீயே தண்டவாளத்துக்கு அடியில் பொருத்தும் மின்காந்தம் விற்கிறது. ஆனால் இந்தப் பகுதியில் இருந்துகொண்டு மின்காந்தத்தைக் கடல் கடந்து வரவழைப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டையும் பாடியையும் சுற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காயில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1960களின் தொடக்கத்திலிருந்து வாகனங்களுக்கான ஸ்டார்ட்டர் மோட்டார் செய்கிறது. ஒவ்வொரு ஸ்டார்ட்டர் மோட்டாரின் முதுகிலும் ஒரு சாலனாய்டு, அதாவது ஒரு மின்காந்தம் உட்கார்ந்திருக்கும். பெரிய தொழிற்சாலைகளைச் சுற்றி அவற்றுக்கு வேலை செய்து கொடுக்கிற சிறிய பட்டறைகள். அந்தப் பட்டறைகளின் மோட்டார்கள் எரிந்துபோனால் சரிசெய்கிற, பத்துக்குப் பத்து அறையில் நடக்கும் மோட்டார் வைண்டிங் கடைகள். எனக்கு வேண்டிய கம்பியும் கைப்பக்குவமும் அங்கேதான் இருந்தன.

அப்படியொரு கடையில் காயில் கட்டுகிறவரிடம் ஒரு எட்டு எம்எம் போல்ட்டை நீட்டி, அதன் மேல் சுற்றித் தரமுடியுமா என்று கேட்டேன்.

“மோட்டாரும் இல்ல, சோக்கும் இல்ல. எதுக்கு சார் இது?”

“பொம்ம ரயிலுண்ணே. பெட்டியக் கழட்டி விடறதுக்கு.”

அவர் சிரிக்கவில்லை. போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எத்தன வோல்ட்டு? எவ்ளோ நேரம் ஓடும்?” என்று இரண்டே கேள்விகள் கேட்டார். 12 வோல்ட், இரண்டு மூன்று விநாடி என்றேன். சுற்று கொஞ்சம் அதிகமாகவே போட்டுவிடுங்கள், பவர் நன்றாக இருக்கட்டும் என்று சேர்த்துச் சொன்னேன்.

“சுத்து ஜாஸ்தி போட்டா பவர் ஜாஸ்தி ஆவாது சார். சூடுதான் கம்மியாவும். பவர் வேணும்னா கம்பிய மாத்தணும்.”

பாடப்புத்தகத்தில் படித்ததை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். காந்தத்தின் வலு சுற்றுகளின் எண்ணிக்கையையும் ஓடுகிற மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. எட்டு எம்எம் போல்ட்டின் மேல் 30 எம்எம் நீளத்துக்கு, வெளிவிட்டம் 18 எம்எம் வரும்வரை 30 கேஜ் எனாமல் கம்பியைச் சுற்றினால் ஏறக்குறைய 1200 சுற்று பிடிக்கும். கம்பி 50 மீட்டருக்குப் பக்கம். அதன் மின்தடை 11 ஓமுக்குச் சற்றுக் குறைவு. 12 வோல்ட்டில் 1.1 ஆம்பியர் ஓடும். பெருக்கினால் 1300 ஆம்பியர்-சுற்றுக்குக் கொஞ்சம் மேல். இப்போது அதே கம்பியை இரண்டு மடங்கு நீளமான பாபினில் 2400 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். கம்பி இரட்டிப்பதால் தடையும் இரட்டிக்கும், மின்னோட்டம் பாதியாகும். பெருக்கினால் அதே 1300. உழைப்பு இரண்டு மடங்கு, வலு அதேதான். குறைந்தது சூடு மட்டும்: 13 வாட் எரிந்தது ஆறரை வாட்டாக இறங்கியிருக்கும். நீளவாக்கில் சுற்றாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலோ, வெளிச்சுற்றுகள் பெரிதாகிக் கம்பியை அதிகம் தின்பதால் வலு குறையவே செய்யும்.

வலு கூட வேண்டுமென்றால் அவர் சொன்னபடி கம்பி தடிக்க வேண்டும். 28 கேஜுக்குப் போனால் சுமார் 40 சதவீதம் கூடும். ஆனால் அதே பாபினில் சுற்று குறைந்து, மின்னோட்டம் இரண்டு ஆம்பியரைத் தாண்டும். சிசிடிவி கேமராவுக்கு விற்கிற 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் அதற்குத் தாங்காது. ஆக 30 கேஜ், 1200 சுற்று, தொடர்ந்து அமுக்கிப் பிடித்தால் விநாடிக்கு அரை டிகிரிக்கு மேல் சூடேறும். ஒரு நிமிடம் பிடித்தால் மே மாதத்து அம்பத்தூரில் எழுபது டிகிரியை எட்டிவிடும். எனாமல் தாங்கினாலும் பிளாஸ்டிக் ஸ்லீப்பரும் பசையும் இளகும். அதனால் சாதாரண ஸ்விட்ச் கூடவே கூடாது. அமுக்கினால் மட்டும் வேலை செய்து, விரலை எடுத்ததும் அணைகிற காலிங் பெல் ஸ்விட்ச்தான் இதற்குச் சரி. எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும்.

காயில் கட்டுகிறவரின் கையை அருகிலிருந்து பார்ப்பது ஒரு கல்வி. போல்ட்டின் மேல் முதலில் லெதராய்டு பேப்பரை ஒரு சுற்று. இருபுறமும் கம்பி சரியாமல் இருக்க வட்டத் தகடு. கம்பியின் தொடக்க நுனிக்கு எம்பயர் ஸ்லீவ் போட்டு வெளியே விட்டபின், போல்ட்டைக் கைச் சுழற்றியில் மாட்டுகிறார். வலது கை சுழற்றும். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு துணித்துண்டு, அதன் வழியாகக் கம்பி ஓடும். அந்த இரண்டு விரல்களின் அழுத்தம்தான் எல்லாம். இறுக்கினால் கம்பி நீண்டு மெலியும், மெலிந்த இடத்தில் சூடேறும். தளர்த்தினால் சுற்று ஒன்றோடொன்று ஒட்டாமல் மின்சாரம் ஓடும்போது அதிரும், அதிர்ந்தால் எனாமல் உரசித் தேயும். ஒரு வரிசை முடிந்து திரும்புகிற இடத்தில் அவர் சுழற்றுவதை நிறுத்தாமலே விரலை லேசாகச் சாய்க்கிறார். கம்பி தானாக அடுத்த வரிசைக்கு ஏறிக்கொள்கிறது. எண்ணுகிறாரா என்று தெரியவில்லை. கடைசியில் நுனியை பிளேடால் சுரண்டி மீட்டரில் வைத்தபோது முள் பதினொன்றுக்குக் கிட்டத்தில் நின்றது.

இந்தக் கலைக்கு ஒரு வரலாறு உண்டு. முதல் மின்காந்தத்தை 1820களின் நடுவில் செய்தவர் வில்லியம் ஸ்டர்ஜன் என்ற ஆங்கிலேயர்; செருப்புத் தைக்கப் பழகியவர், பின்னர் ராணுவ வீரர். அவர் லாட வடிவ இரும்புக்கு வார்னிஷ் பூசி, அதன் மேல் வெறும் செம்புக் கம்பியைத் தள்ளித் தள்ளிச் சுற்றினார். கம்பிக்கு உறை இல்லாததால் சுற்றுகள் தொடக்கூடாது. அதனால் பதினெட்டே சுற்றுதான் அவரால் போட முடிந்தது. சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி அதைத் தலைகீழாக யோசித்தார். இரும்புக்குப் பதில் கம்பிக்கு உறை போட்டார். பட்டு சுற்றிய கம்பியை நெருக்கமாக, அடுக்கடுக்காகச் சுற்ற முடிந்ததும், 1831இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த காந்தம் இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் தூக்கியது. பட்டு போய் எனாமல் வந்ததைத் தவிர, வைண்டிங் கடையில் இன்று நடப்பது ஹென்றி செய்ததுதான்.

கம்பி சரியானால் அடுத்தது இரும்பு. இங்கேதான் ‘விடுவது’ என்கிற பாதி வருகிறது. போல்ட்டின் தலையில் 8.8 என்று குத்தியிருந்தால் அதை வாங்கக் கூடாது. அது ஹை டென்சைல். பதப்படுத்திய கெட்டி எஃகு. மின்சாரம் போன பின்னும் அதில் காந்தம் கொஞ்சம் தங்கும். தங்கினால் மெயின் லைனில் போகிற வண்டியை அது தொந்தரவு செய்துகொண்டே இருக்கும். லேசான வாகன்களின் எஃகு அச்சைப் பிடித்து இழுத்து, நின்ற வாகனை அரை அங்குலம் நகர்த்தவும் செய்யும். வேண்டியது மிருதுவான இரும்பு, சாதாரண மைல்டு ஸ்டீல். அதையும் கரி அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட்டால் இன்னும் இளகும். தண்ணீரில் முக்கினால் காரியம் கெட்டது. மெதுவாக ஆறிய இரும்பு காந்தத்தை எவ்வளவு சட்டென்று ஏற்கிறதோ அவ்வளவு சட்டென்று விட்டுவிடும். பொறியியலில் இரும்பின் வலிமையைத்தான் நாம் எப்போதும் போற்றுகிறோம். இந்த ஒரு வேலையில் மட்டும், எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத இரும்பே உயர்ந்த இரும்பு.

மற்றவை சீக்கிரம் முடியும். போல்ட் தண்டவாளத்துக்குக் குறுக்கே, பலகைக்கு அடியில் படுத்திருக்கும். அதன் இரு முனையிலும் மைல்டு ஸ்டீல் பட்டையை முடுக்கி, ‘ப’வைப்போல மேல்நோக்கி வளைத்து, பிளைவுட்டில் வெட்டிய இரண்டு பிளவுகள் வழியாக ஏற்றி, இரு தண்டவாளங்களுக்கும் உள்பக்கமாக, தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். இன்றைய மாதிரித் தண்டவாளம் ஜெர்மன் சில்வர். காந்தம் அதைப் பொருட்படுத்தாது. பழைய எஃகுத் தண்டவாளமாக இருந்தால் அது பாதிக் காந்தப்புலத்தைத் தானே விழுங்கிவிடும். காயிலின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு 4007 டயோடைத் தலைகீழாக வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஸ்விட்சை விடும் ஒவ்வொரு முறையும் காயில் தன்னிடம் சேர்ந்ததைப் பொறியாகத் துப்பி, ஸ்விட்சின் பித்தளைப் புள்ளிகளைத் தின்றுவிடும். வளைவில் இதை வைக்கவே கூடாது. நேர்க்கோட்டில், தண்டவாளம் கிளை பிரிகிற பாயிண்ட்டைத் தாண்டி ஒரு வாகன் நீளமாவது தள்ளி வைக்க வேண்டும்.

கப்ளிங்கின் கம்பிக்கும் காந்த முனைக்கும் உள்ள இடைவெளிதான் தலைவலி. ஒரு மில்லிமீட்டர் கூடினால் இழுவை மளமளவென்று விழும். ஆனால் கம்பி நகர்ந்து முனையை நெருங்கிவிட்டால், அங்கேயே பிடித்துவைக்க மிகக் கொஞ்சம் சக்தி போதும். ஸ்டார்ட்டர் மோட்டாரின் சாலனாய்டில் இரண்டு காயில் இருப்பது இதற்காகத்தான்: இழுக்க ஒன்று, பிடித்துவைக்க ஒன்று. இழுத்த வேலை முடிந்ததும் முதல் காயில் தானாக ஒதுங்கிக்கொள்ளும், மெல்லிய காயில் மட்டும் பிடித்திருக்கும். நம் பேருந்துகளும் லாரிகளும் தினம் காலையில் உயிர்பெறுவது இந்த ஏற்பாட்டில்தான். அதே யோசனையை எச்ஓ அளவுக்குக் கொண்டுவந்து, ஒரே போல்ட்டில் இரட்டைச் சுற்று போட்டுப் பார்க்கலாம் என்று வைண்டிங் கடைக்காரர்தான் சொன்னார்.

இவ்வளவு பாடும் அந்தக் கையை விலக்கத்தான். அசல் ரயிலில் அந்தக் கை யாருடையது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அம்பத்தூர், ஆவடி என்று எங்கள் ஊர்களின் வழியாகப் போகிற பாதை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்பாதை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய வண்டி ஆவடி வழியாகத்தான் போனது. அன்றிலிருந்து மிக அண்மைக்காலம் வரை பயணிகள் வண்டியில் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்தது கொக்கியும் திருகும். அதைப் பூட்டவோ கழற்றவோ ஒரு மனிதன் குனிந்து, இரண்டு பஃபர்களுக்கும் இடையில் நுழைய வேண்டும். பெரம்பூர் இன்டக்ரல் கோச் ஃபேக்டரி 1955 அக்டோபர் 2 அன்று நேருவால் தொடங்கிவைக்கப்பட்டு, சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் வடிவமைப்பில் பெட்டிகள் செய்தபோதும் இணைப்பு அதே திருகுதான். அந்த வகையின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில்தான் ஆலையை விட்டு வெளியே போனது.

மனிதன் நடுவில் நுழைய வேண்டியதில்லை என்று ஒருவர் 1873இலேயே காட்டிவிட்டார். எலை ஜேனி என்ற அமெரிக்கர், துணிக்கடையில் குமாஸ்தா. பேனாக்கத்தியால் மரத்தைச் செதுக்கி, மடங்கிய விரல்கள் ஒன்றையொன்று தானே கவ்விக்கொள்ளும் கப்ளரின் மாதிரியைச் செய்து காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் அமெரிக்க ரயில் தொழிலாளிகள் வளையத்துக்குள் ஆணியைக் கையால் நுழைத்து வண்டிகளைச் சேர்த்தார்கள். விரல் போனவர்கள், உயிர் போனவர்கள் ஏராளம். 1893இல் தானியங்கிக் கப்ளரைச் சட்டம் கட்டாயமாக்கியது. இன்று நம் பாக்ஸ்என் வாகனில் இருப்பதும், பயணிகள் வண்டிகளின் புதுவகை எல்எச்பி பெட்டியில் இருப்பதும், கேடீயின் கப்ளிங்கும் எல்லாமே ஜேனியின் அந்த மரப்பொம்மையின் வழிவந்தவை. உள்ளங்கையில் அடங்கிய மாதிரியாகப் பிறந்தது, உலகத்தின் சரக்கையெல்லாம் இழுத்துவிட்டு, மறுபடி உள்ளங்கை அளவுக்கு எங்கள் மேசைக்கு வந்திருக்கிறது.

ஆனால் கப்ளர் மாறினால் மட்டும் மனிதன் வெளியே வந்துவிடுவதில்லை. பக்கவாட்டிலிருந்து கைப்பிடியை உயர்த்திப் பூட்டைத் திறக்கலாம் என்றாலும், பிரேக் ஹோஸ் பைப்பைக் கழற்ற யாராவது உள்ளே போயாக வேண்டும். 2024 நவம்பர் 9 அன்று பீகாரின் பரௌனி சந்திப்பில், இன்ஜினைக் கழற்றுவதற்காக இடையில் நின்ற ரயில்வே தொழிலாளி, இன்ஜின் பின்னால் நகர்ந்ததில் நசுங்கி இறந்தார். அந்தப் படம் நாடெங்கும் பரவியது. நான் மேசையில் இன்ஜினை ஒரு இம்மி பின்னால் தள்ளித் தொய்வு கொடுக்கிறேனே, அதே அசைவு. அதே சில அங்குலம். அந்தச் செய்திக்குப் பிறகு அந்த அசைவை என்னால் அலட்சியமாகச் செய்ய முடியவில்லை. வாகன்களுக்கு நடுவில் ஒரு மனிதர் நிற்பதாக நினைத்துக்கொண்டுதான் இன்ஜினை ஓட்டுகிற ரெகுலேட்டரைத் திருப்புகிறேன். அன்கப்ளர் செய்கிற ஒவ்வொருவரும், தாங்கள் ஒரு பொத்தானாகச் சுருக்குவது யாருடைய வேலையை என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பயணிகள் ரயிலிலோ பிரிப்பது என்ற வேலையே மறைந்துகொண்டு வருகிறது. ஆவடி ஷெட்டிலிருந்து கிளம்பும் மின்சார ரயிலுக்கு இரு முனையிலும் ஓட்டுநர் அறை. கடற்கரைக்குப் போய் அப்படியே திரும்பும். பெரம்பூரிலிருந்து 2018இல் வெளிவந்த ‘ட்ரெயின் 18’, அடுத்த ஆண்டு வந்தே பாரத்தாக ஓடத் தொடங்கியது. அதன் பெட்டிகளைப் பணிமனையில்தான் பிரிப்பார்கள். ரயிலே வராத ஊராக இருந்த பூந்தமல்லியில் 2025 மார்ச்சில் மெட்ரோ சோதனை ஓட்டம் நடந்தது. மூன்று பெட்டி, ஓட்டுநரே இல்லாமல் ஓடும்படி செய்யப்பட்டது. இது நல்லதுதான். பஃபருக்கு நடுவில் ஒரு மனிதர் நிற்க வேண்டியதில்லை என்றால் அதைவிட நல்லது ஒன்றுமில்லை. பழைய முறை போகிறதே என்று ஏங்குகிறவன் இல்லை நான்.

ஆனால் ஷண்டிங், அதாவது வாகன்களைப் பிரித்துச் சேர்க்கிற வேலை, வெறும் ஆபத்து மட்டும் அல்ல, அது ஒரு அறிவு. எந்த வாகனை முதலில் எடுப்பது, எதை எங்கே தற்காலிகமாக விடுவது, எந்த வரிசையில் சேர்த்தால் வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் கடைசி வாகனையே கழற்றிக்கொண்டு போகலாம் என்பதையெல்லாம் யார்டு மாஸ்டரும் ஷண்டிங் மாஸ்டரும் மனக்கணக்காக வைத்திருந்தார்கள். அலன் ரைட் என்ற ஆங்கிலேயர் அந்த அறிவைச் சிறிய மேசைக்குள் அடக்கினார். ‘இங்கில்நுக்’ என்று பெயர். மூன்று லைன், ஒன்றில் ஐந்து வாகன் பிடிக்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. மொத்தம் எட்டு வாகன். சீட்டுக் குலுக்கி ஐந்து வாகன்களை எடுத்து, சீட்டில் வந்த அதே வரிசையில் வண்டியைக் கோர்க்க வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசைப்படுத்த 6720 வழி உண்டு. தினம் ஒரு வரிசை என்று விளையாடினாலும் பதினெட்டு வருடம் ஓடும். பாக்ஸ்என் வாகன் எச்ஓ அளவில் 12 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு டீசல் இன்ஜின் 20 சென்டிமீட்டர். ஐந்தடி நீளம், ஒரு அடி அகலப் பலகை போதும். ஆவடியிலோ திருமுல்லைவாயிலிலோ இரண்டு அறை ஃபிளாட்டில் இருப்பவருக்கும் அந்த இடம் கிடைக்கும். மின்காந்தம் இரண்டே போதும், பாயிண்ட் தாண்டிய இரண்டு லைனுக்கு. மூன்றாவதில் நிரந்தரக் காந்தம் வைத்துக்கொள்ளலாம்.

எனது மேசைக்கு நான் மனதில் வைத்திருக்கும் ஊர் பட்டாபிராம். அங்கே மிலிட்டரி சைடிங் என்று நிலையத்துக்கே பெயர். மெயின் லைனிலிருந்து பிரிந்து ராணுவக் கிடங்குகளின் பக்கம் போகும் கிளைப்பாதை. நகல் எடுக்கவில்லை. புறநகர் மின்சார ரயில் ஓடும் அதே தண்டவாளத்தின் ஓரத்தில் சரக்கு வாகன்கள் பொறுமையாக நிற்கிற அந்தத் தன்மை மட்டும் வேண்டும்.

இந்தப் பலகையை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது. நியூ ஆவடி ரோட்டில், கோச் ஃபேக்டரியின் பக்கத்தில், 2002இல் திறந்த ரயில் அருங்காட்சியகம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் கூட்டமாக வருகிறார்கள். சுற்றிச் சுற்றி ஓடும் மாதிரி ரயிலைப் பிள்ளைகள் இரண்டு நிமிடம் பார்ப்பார்கள், பிறகு நகர்ந்துவிடுவார்கள். செய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு இங்கில்நுக் மேசை வைத்தால் கதை வேறு. ஒரு பிள்ளை ரெகுலேட்டரில், இன்னொரு பிள்ளை காலிங் பெல் ஸ்விட்சில். பொத்தான் பிள்ளை கொடி காட்டாமல் ரெகுலேட்டர் பிள்ளை இன்ஜினை நகர்த்தக் கூடாது என்று ஒரே ஒரு விதி. இருவரும் பேசிக்கொண்டால்தான் வாகன் கழலும். பக்கத்துச் சுவரில், ஓய்வு பெற்ற பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் பழைய திருகு கப்ளிங்கை எப்படிக் குனிந்து கழற்றினார் என்று அவர் வாயாலேயே சொல்லி எழுதிவைத்த பலகை. பக்கத்திலேயே அசல் திருகு கப்ளிங் ஒன்று, பிள்ளைகள் இரண்டு கையாலும் தூக்கிப் பார்க்கிற உயரத்தில். எட்டு வாகன், ஒரு இன்ஜின், இரண்டு பாயிண்ட், இரண்டு மின்காந்தம். காயில் கட்டிக் கொடுக்க அம்பத்தூரில் ஆள் இருக்கிறது. போல்ட்டைக் காய்ச்சி ஆறவைக்கிற வேலையை நானே செய்து தருகிறேன்.